பொரித்தது ஆளுக்கு அல்ல, மேசைக்கு: நாகர்கோவிலில் மூன்று ஞாயிறு மதியச் சாப்பாடுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் உள்ள குடும்பம். அப்பாவுக்கு வயது 48, உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, உட்கார்ந்து செய்கிற வேலை. அம்மாவுக்கு 44 வயது, 155 செ.மீ., 64 கிலோ. பாட்டிக்கு 71, நெடுநாளாகச் சர்க்கரை நோய், மாத்திரை எடுக்கிறார். மகனுக்கு 17, தினமும் சாயங்காலம் கால்பந்து. மகளுக்கு 11. ஞாயிறு மதியம் ஐவரும் சேர்ந்து வெளியே சாப்பிடுவது வழக்கம். இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அல்ல. கணக்கு தெளிவாக விளங்குவதற்காக அமைத்துக்கொண்ட குடும்பம். ஆனால் இவர்களுடைய பழக்கங்கள் எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் பக்கத்து மேசையில் பார்க்கக்கூடியவைதான்.

அப்பா எடை குறைக்க நினைக்கிறார், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விடவும் மனமில்லை. விட வேண்டிய தேவையும் இல்லை என்பதே இந்த ஆய்வின் முடிவு. முதலில் அவருடைய கலோரித் தேவையைப் பார்ப்போம். மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, எடையைப் பத்தால் பெருக்கினால் 820, உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 1,050. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிய 240-ஐக் கழித்து, ஆண் என்பதால் 5 சேர்த்தால் 1,635. சும்மா படுத்துக் கிடந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி இது. நடமாட்டத்துக்காக 1.375-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,250. அதில் 450 குறைத்து, நாளுக்கு 1,800 என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மதியத்துக்கு அதில் பாதி, அதாவது 900. காலைக்கு 350, இரவுக்கு 400, சர்க்கரை போடாத இரண்டு சாயாவுக்கு 70 என்று போட்டாலும் நாள் கணக்கு 1,720-க்குள் அடங்கிவிடும்.

கீழே வரும் எண்கள் எல்லாம் தோராயம். ஓட்டல் சாப்பாட்டில் 20 சதவீதம் முன்பின் ஆகும். சமையல்காரர் எண்ணெயை அளந்து ஊற்றுவதில்லை, நாமும் அளந்து தின்பதில்லை. ஆனாலும் முதல் ஞாயிற்றில் வந்த 1,975-க்கும் இந்த 900-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காண இந்தத் துல்லியம் போதும்.

முதல் ஞாயிறு

மதியம் ஒன்றேகால் மணி. இடம் கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. உட்கார்ந்ததும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் ஒரு தட்டு வருகிறது. எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ். சப்ளையர் வந்து நிற்கிறார். "நெய்மீன் பொரிச்சது இருக்கு, சிக்கன் இருக்கு, கணவாய் இருக்கு, என்ன கொண்டு வரட்டும்?" என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒன்று சொல்லி முடித்தபோது மூன்று தட்டு நெய்மீன், இரண்டு தட்டு சிக்கன்.

அப்பாவின் இலையில் விழுந்தது இவ்வளவு. சிப்ஸ் ஒரு கைப்பிடி, 25 கிராம், 130 கலோரி. சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ் 90. சம்பாச் சோறு மூன்று தடவையாக 450 கிராம், 585. தேங்காய் அரைத்த மீன் குழம்பு இரண்டு கரண்டி, 140. துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) அவியலும் சேர்ந்து 120. பப்படம் இரண்டு, 100. நெய்மீன் ஒரு துண்டு, 220. மகன் தள்ளி வைத்த சிக்கனையும் சேர்த்து 120 கிராம், 280. ரசமும் மோரும் 40. பாயசம் ஒரு கப் 270. மொத்தம் 1,975. அவருடைய நாள் அளவே 1,800தான்.

எண்ணெயை மட்டும் தனியே பார்த்தால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும். சிப்ஸில் 8 கிராம், மீனில் 10, சிக்கனில் 12, பப்படத்தில் 4, குழம்பிலும் தொடுகறிகளிலும் இன்னொரு 8 என்று வைத்தாலே ஒரு வேளையில் 40 கிராமைத் தாண்டிவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு முழு நாளுக்குச் சொல்லியிருக்கும் எண்ணெய், கொழுப்பின் அளவு 27 கிராம்தான்.

அம்மாவின் கணக்கு வேறு மாதிரி. அவர் ஆர்டர் செய்தது குறைவுதான். ஆனால் மகள் பாதியில் விட்ட சிக்கன் துண்டு, பாட்டி ஒதுக்கிய மீன் வால், மகள் இலையில் மிஞ்சிய ஒரு பிடி சோறு, அரை கப் பாயசம், எல்லாம் 'வீணாப் போகக் கூடாதே' என்று அவர் இலைக்கு வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தால் 300 வரும். பசிக்காகச் சாப்பிட்டது அல்ல அது. காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட மனம் வராத ஒரு அம்மா சாப்பிட்டது. அவர் இதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டாம் ஞாயிறு: சோற்றைக் குற்றவாளியாக்கியது

அடுத்த வாரம் அப்பா ஒரு முடிவோடு வந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஓட்டலில் சோறு வேண்டாம், சப்பாத்தி போதும் என்றார். நிறையப் பேர் செய்கிற பிழை இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காலி வயிற்றோடு காத்திருந்தவர், பேச்சுவாக்கில் 60 கிராம் சிப்ஸைத் தின்று தீர்த்தார். 310 கலோரி. எண்ணெய் தடவிச் சுட்ட சப்பாத்தி மூன்று, 360. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள வந்த சிக்கன் ரோஸ்ட்டைக் கிரேவியோடு வழித்துச் சாப்பிட்டதில் 450. மகள் மிச்சம் வைத்த மீன் 110. மொத்தம் 1,230. 'சோறே தொடலை' என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனார். ஐந்து மணிக்குப் பசித்தது. இரண்டு ஏத்தம்பழ பஜ்ஜி 400, சர்க்கரை போட்ட சாயா 85. கூட்டினால் 1,715.

இது ஏன் தோற்றது? 100 கிராம் சோற்றில் இருப்பது 130 கலோரி. அதே 100 கிராம் சிப்ஸில் 520. சோற்றில் தண்ணீர் இருக்கிறது, அது வயிற்றை நிரப்பும். பொரித்ததில் தண்ணீர் போய் அந்த இடத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறது. சோற்றை நீக்கிவிட்டுப் பொரித்ததைக் கூட்டினால், வயிறு காலியாகவும் கணக்கு நிறைவாகவும் இருக்கும். அதோடு இந்த மாவட்டத்துக்காரருக்குச் சோறு இல்லாமல் மீன் குழம்பு சாப்பிட்ட திருப்தி வராது. திருப்தி வராத சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் தனியே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு: ஆர்டரை மாற்றியது

இந்தத் தடவை வேலை வீட்டிலேயே தொடங்கியது. காலை எட்டரைக்கு இடியாப்பம் இரண்டு, அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் கடலைக் கறி. பதினொன்றரைக்கு ஒரு டம்ளர் மோர். ஒன்றேகாலுக்குப் பதில் பன்னிரண்டரைக்கே ஓட்டலில் இருந்தார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தால் சிப்ஸ் தட்டுக்கு வேலை குறையும்.

வண்டியில் ஏறும் முன்பே ஐந்து பேரும் ஒரு விஷயத்தை முடிவு செய்தார்கள்: பொரித்தது மொத்தம் இரண்டு தட்டு. ஒரு நெய்மீன், ஒரு சிக்கன். யாருக்கு எது என்பது மேசையில் பகிர்ந்து கொள்வது. ஆர்டர் சொல்வது ஒருவர் மட்டும், அம்மா. சப்ளையர் அடுக்கும்போது ஆளுக்கு ஆள் தலையாட்டுவது இதனால் நின்றது. யாருக்கும் எதையும் மறுக்காமல் முதல் ஞாயிற்றின் ஐந்து தட்டு இரண்டாகியது. மூன்று வாரத்திலும் பெரிய பலன் கொடுத்த மாற்றம் இது ஒன்றுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அம்மா சொன்ன ஆர்டரையும் கேளுங்கள். "அண்ணே, ஐந்து சாப்பாடு. ஒரு நெய்மீன், ஒரு சிக்கன். ரெண்டு பிளேட் மீன் கறி, கறியில கிடக்க மீன் தனியா வேணும். இந்த இலைக்குச் சோறு ஒரு தடவை போதும், துவரன் கூடுதலா வையுங்க. சிப்ஸ் வேண்டாம். ஜூஸ் வேண்டாம், வெந்நீர் தாங்க."

'மீன் கறி தனியா' என்பது முக்கியம். சாப்பாட்டோடு ஊற்றுகிற குழம்பில் பெரும்பாலும் மீன் துண்டு இருக்காது. தனித் தட்டாகக் கேட்டால் சாளையோ அயலையோ முழுத் துண்டாகக் கிடைக்கும். குழம்பில் வெந்த மீனுக்குப் பொரித்த மீனில் ஏறுகிற எண்ணெய் ஏறுவதில்லை. புரதமும் வயிறு நிறைவும் அங்கிருந்து வந்தால் சோறு தானாகக் குறையும். மேற்குக் கடலில் ஜூன், ஜூலையும் கிழக்குக் கடலில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரையும் விசைப்படகுத் தடைக்காலம். இரு கடலும் சேருகிற மாவட்டம் என்பதால் இரண்டு தடையும் இங்கே உண்டு. அந்த மாதங்களில் பெரிய மீனைக் காட்டிலும் சிறு வள்ளங்கள் கொண்டு வருகிற சாளை, நெத்தோலி புதுசாகக் கிடைக்கும். சாளையைக் குழம்பில் கேளுங்கள். நெத்தோலியைப் பொரித்துக் கேட்டால் மட்டும் கவனம்: மீன் சின்னதாக ஆக, அதே எடைக்கு எண்ணெய் பிடிக்கிற பரப்பு கூடுகிறது. மாவு முக்கிப் பொரித்தால் இன்னும் கூடும். மசாலா மட்டும் தடவிப் பொரித்த பெரிய துண்டுதான் எண்ணெயில் குறைவு.

அப்பாவின் இலை இப்படி ஆயிற்று. சோறு 220 கிராம், 286. குழம்பில் வெந்த மீன் 100 கிராம், 150. குழம்பு ஒரு கரண்டி 70. முட்டைக்கோஸ் துவரன் இரண்டு தடவை, 80. அவியல் 70. நெய்மீன் துண்டில் பாதி 110. ரசம் 15, மோர் 20. பாயசம் இரண்டு வாய், 70. மொத்தம் 871. பப்படம் அவருக்குப் பெரிய ஆசை இல்லை, அதனால் விட்டார். பப்படம்தான் உயிர் என்பவர் அதை வைத்துக்கொண்டு அவியலைக் குறைக்கலாம்.

220 கிராம் சோறு எவ்வளவு என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் ஒரே ஒரு நாள் சமையலறைத் தராசில் வைத்துப் பழக வேண்டும். வாழை இலையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கி, சோற்றைக் குவித்து 220 வரும்போது நிறுத்தி, அந்தக் குவியலின் உயரத்தையும் அகலத்தையும் விரலால் அளந்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 200 மில்லி எவர்சில்வர் டம்ளரில் லேசாக அழுத்தினால் 150 கிராம் அளவில் பிடிக்கும், அதில் ஒன்றரை டம்ளர். சம்பாச் சோற்றின் பருமனான மணி குவியலைப் பெரிதாகக் காட்டும், பச்சரிசிச் சோறு அதே எடைக்குச் சின்னதாகத் தெரியும். அதனால் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றிலேயே பழகுங்கள். சோறு போட்டதும் இலையில் நாலாகப் பிரித்துக்கொண்டால் குழம்புக்கு இரண்டு பங்கு, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று எல்லா ருசியும் ஒரே தடவைச் சோற்றில் கிடைத்துவிடும். பெரும்பாலானோர் இரண்டாம் தடவைச் சோறு வாங்குவது பசியினால் அல்ல, ரசத்துக்குச் சோறு மிஞ்சாததால்.

ஒரே மேசையில் ஐந்து கணக்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 16 முதல் 18 வயது வரையுள்ள பையனுக்கு நாளுக்கு 3,320 கலோரி வேண்டும். 10 முதல் 12 வயதுப் பெண் குழந்தைக்கு 2,060. அதாவது 11 வயது மகளின் தேவையே, எடை குறைக்கும் அப்பாவின் 1,800-ஐவிட அதிகம். மகன் மூன்று தடவை சோறு வாங்குவது அவன் உடம்பு கேட்பது. அவனுக்குத் துணையாக அப்பாவும் மூன்று தடவை வாங்கியதுதான் முதல் ஞாயிற்றின் கோளாறு. பிள்ளைகள் முன்னால் 'இதில் இவ்வளவு கலோரி' என்று எண்ணிக் காட்டுவதை இந்தக் குடும்பம் செய்யவில்லை, யாரும் செய்ய வேண்டாம். வளர்கிற பெண் குழந்தை சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டால், அதைச் சரிசெய்வது அப்பாவின் எடையைக் குறைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

பாட்டியிடம் கலோரியைவிட நேரம் முக்கியம். சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு போன்ற சில, சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். ஒன்றேகாலுக்கு வந்து இரண்டு மணிக்கு இலை போடுகிற கூட்ட நாளில் இது நிஜமான ஆபத்து. பன்னிரண்டரைக்கு வரச் சொன்னதற்கு முதல் காரணமே அவர்தான். வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்றல் தெரிந்தால் கலோரி எல்லாம் பிறகு. உடனே மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் பாட்டியிடமிருந்து வரும். "ஒண்ணுமே திங்கலியே மக்களே, இந்தத் துண்டையும் எடுத்துக்கோ" என்று தன் இலையிலிருந்து அப்பாவின் இலைக்கு வைப்பார். அதைத் தடுத்தால் அவருக்கு வருத்தம், தடுக்கவும் கூடாது. அதற்கு வழி, அவர் வைக்கப்போகிற அந்தத் துண்டுக்கு முன்பே இடம் விட்டு வைப்பது. மூன்றாம் ஞாயிற்றில் அப்பாவின் பாதி நெய்மீன், பாட்டி கையால் வந்ததுதான்.

அம்மாவின் 300-க்குத் தீர்வு பார்சல். கை கழுவப் போகும் முன்பே மிச்சத்தைக் கட்டச் சொல்லிவிட வேண்டும். யாரும் கை வைக்காத தட்டில் மிஞ்சியதை மட்டும் கட்டுங்கள். இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், இரவு கொதிக்கச் சுட வைத்துச் சாப்பிட வேண்டும். மீன் கறியைப் பொறுத்தவரை இதில் சலுகை கிடையாது.

பரோட்டா, மரச்சீனி, இலைச் சாப்பாடு

சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போகிற குடும்பத்துக்கும் இதே முறைதான், எண்கள் மட்டும் மாறும். மாவை வீசி, மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் விட்டுச் சுடுவதால் ஒரு பரோட்டா 300 கலோரியை ஒட்டி வரும். மூன்று பரோட்டாவும் 150 கிராம் பீஃப் ரோஸ்ட்டும் 1,250. ஒரு பரோட்டா, ஒரு அப்பம், அதே 150 கிராம் இறைச்சி என்றால் 770. ரோஸ்ட்டை விட்டுவிட்டு இரண்டு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்பது நல்ல மாற்று இல்லை, புரதம் போய் மைதாவும் எண்ணெயும்தான் மிஞ்சும்.

மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) 'தொட்டுக்க ஒரு பிளேட்' என்று கேட்பது பெரிய ஏமாற்றம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகப் பயிரிட ஊக்கம் கொடுத்த கிழங்கு இது. அதாவது சோற்றுக்குப் பக்கத்தில் வைக்க வந்தது அல்ல, சோற்றின் இடத்தில் வைக்க வந்தது. தேங்காய் அரைத்துச் சேர்த்து மசித்த 250 கிராம் தட்டில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். கிழங்கும் மீன் கறியும் என்றால் அன்றைக்குச் சோறு கிடையாது, அவ்வளவுதான்.

ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற சைவ இலைச் சாப்பாட்டில் பாயசத்தை விடச் சொல்வது அநியாயம். பழத்தையும் பப்படத்தையும் பாயசத்தில் நொறுக்கிப் பிசைந்து இலையில் வழித்துச் சாப்பிடுவது இந்த மண்ணின் ருசி. 200 மில்லி பாயசம், ஒரு பழம், ஒரு பப்படம் சேர்ந்தால் 490 கலோரி. அதை முழுதாக அனுபவிக்க நினைத்தால் பருப்புக்கும் சாம்பாருக்கும் சேர்த்து 150 கிராம் சோற்றோடு நிறுத்திக்கொண்டு, எரிசேரி, ஓலன், அவியல், இஞ்சிக்கறி எல்லாம் வழக்கம்போலச் சாப்பிடலாம். பழம் மட்டும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மட்டியாக இருந்தால் நல்லது. சின்னப் பழம், மணமும் உண்டு, ஏத்தம்பழத்தின் கால் பங்குக் கலோரிதான்.

பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள பெரிய உணவகத் தொடர்களில் 2022 ஜூலை முதல் மெனுவிலேயே கலோரி அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அங்கே கணக்குப் போட வேண்டாம், ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் என்பதை மட்டும் சேர்த்துப் படியுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இந்த விதி பொருந்தாது.

மூன்றாம் ஞாயிற்றுக்கு மறுநாள் காலையில் தராசில் ஏறிய அப்பாவுக்கு 82.7 காட்டும் என்று வைத்துக்கொள்வோம். இது கொழுப்பு அல்ல. ஓட்டல் குழம்பின் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றிலிருந்து உடலில் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேரும். ஒரு கிலோ கொழுப்பு ஏறுவதற்கு ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக வேண்டும், 871-இல் அது நடக்காது. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து திங்கட்கிழமை பட்டினி கிடந்தால், இரண்டாம் ஞாயிற்றின் ஐந்து மணிப் பசி அன்றைக்கே திரும்பி வரும். திங்கட்கிழமை வழக்கமான காலைச் சாப்பாடு. எடை பார்ப்பது வியாழன் காலை, கழிப்பறை போய் வந்து, வெறும் வயிற்றில்.